சித்தப்பாவின் தவளை

குழு: கீழத்தெருச் சொந்தங்கள்

ராஜு சித்தப்பா: (படம்) தென்னங்கன்று வைக்கக் குழி தோண்டினேன். இரண்டடி ஆழத்தில் இது கிடந்தது.

ராஜு சித்தப்பா: ஐம்பத்தெட்டு வயதாகிறது, இப்படி ஒரு தவளையை நான் பார்த்ததே இல்லை. கயல், நீதான் தவளை ஆராய்ச்சி செய்கிறாயே, இது புது இனம்தானே?

பெரியம்மா: கொழுக்கட்டைக்குக் கால் முளைத்தது போல இருக்கிறது.

முத்து மாமா: மச்சான், பத்திரிகைக்காரர்கள் வருவார்கள். வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு வையுங்கள்.

ராஜு சித்தப்பா: கிண்டல் வேண்டாம் மாப்பிள்ளை. புது இனம் என்றால் பெயர் வைக்கலாமாம். அப்பா பெயரை வைக்கலாம் என்று இருக்கிறேன்.

ஆச்சி: அவர் பெயரைப் பேரனுக்கு வைக்கச் சொன்னபோது பழைய பெயர் என்றாய். இப்போது தவளைக்கா?

கயல்: சித்தப்பா, இப்போதுதான் வகுப்பு முடிந்தது. மூக்கு தெரியும்படி பக்கவாட்டில் ஒரு படம் அனுப்புங்கள். பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வையுங்கள், அளவு தெரியும். கையை நனைத்துக்கொண்டு தொடுங்கள்.

ராஜு சித்தப்பா: (படம்) ஊதிக்கொண்டே போகிறது. வெடித்துவிடுமோ?

கயல்: வெடிக்காது. பயத்தில் காற்றை நிரப்பிக்கொள்கிறது. பின்னங்காலின் அடியில், குதிகால் பக்கம் மண்வெட்டி போல ஒரு தடிப்பு இருக்கிறதா?

ராஜு சித்தப்பா: ஒன்று இல்லை, ஒவ்வொரு காலிலும் இரண்டு. நகம் போலக் கெட்டியாக இருக்கிறது.

கயல்: அப்படியானால் பலூன் தவளை. அந்த மண்வெட்டியால் தோண்டிப் பின்புறமாகவே மண்ணுக்குள் இறங்கிவிடும். கறையான் தின்னும், தோப்புக்கு நல்லது. ஆனால் சித்தப்பா, இதற்கு 1799இலேயே ஷ்னைடர் என்ற ஜெர்மானியர் பெயர் வைத்துவிட்டார்.

முத்து மாமா: 1799 என்றால் கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்ட ஆண்டு. கொஞ்சம் தாமதமாகிவிட்டது மச்சான்.

ராஜு சித்தப்பா: நான் பார்த்ததில்லையே!

கயல்: நாம் பார்த்ததில்லை என்பது கணக்கில் வராது சித்தப்பா. புது இனம் என்று சொல்ல வேண்டுமானால், இதுவரை பெயர் வைத்த இனங்களில் நெருங்கிய உறவுள்ள ஒவ்வொன்றோடும் ஒப்பிட்டு, இது அதுவல்ல, இது அதுவுமல்ல என்று எழுதிக் காட்ட வேண்டும். காட்டில் தவளை கிடைப்பது ஒரு நாள் வேலை. அதன் பிறகு அருங்காட்சியகத்தில் பழைய புட்டிகளைத் திறந்து காலிப்பர் என்ற அளவுகோலோடு உட்கார்ந்தால் ஆண்டுக்கணக்கில் போகும்.

பெரியம்மா: காலிப்பர் வைத்துத் தவளையில் எதை அளப்பீர்கள்?

கயல்: மூக்கு நுனியிலிருந்து உடல் முடியும் இடம் வரை. கண்ணின் அகலம், கண்ணுக்கும் நாசித் துளைக்கும் இடைவெளி, செவிப்பறை, தொடை, ஒவ்வொரு விரல். விரலிடைச் சவ்வு எந்தக் கணு வரை வருகிறது என்பதற்கே தனிச் சூத்திரம் உண்டு. சென்ற மாதம் ஒரே தவளையை மூன்று முறை அளந்தேன், மூன்று முறையும் வேறு வேறு எண் வந்தது. அழுகையே வந்துவிட்டது.

ராஜு சித்தப்பா: இதைச் சாராயத்தில் போட்டு உனக்கு அனுப்பட்டுமா? கீழ்வீட்டுக்காரரிடம் இருக்கும்.

பெரியம்மா: இருக்கும் என்று உனக்கு எப்படித் தெரியும்?

கயல்: அனுப்ப வேண்டாம், உயிரோடு விட்டுவிடுங்கள்! ஆனால் நீங்கள் சொன்னது முழுத் தவறும் இல்லை. நாங்களும் முதலில் ஒரு துளித் தசையை எத்தனால் என்ற ஆல்கஹாலில் போடுகிறோம், டிஎன்ஏ கெடாமல் இருக்க. பிறகுதான் உடலை ஃபார்மலினில் பதப்படுத்துவது. ஃபார்மலின் பட்டால் டிஎன்ஏ சிதைந்துவிடும். எல்லாம் வனத்துறை அனுமதியோடுதான். அப்படிப் பதப்படுத்தியதில் ஒன்றைத்தான் அந்தப் பெயருக்கு மூல மாதிரியாக வைப்பார்கள். நாளை யாருக்காவது சந்தேகம் வந்தால் அந்தப் புட்டியைத்தான் திறந்து பார்க்க வேண்டும்.

முத்து மாமா: ஆவணக் காப்பகத்தில் மூலப் பத்திரம் போல.

கயல்: அதேதான் மாமா. பழைய பத்திரம் செல்லும் என்பது உட்பட. முதலில் வெளியான பெயருக்குத்தான் உரிமை.

ராஜு சித்தப்பா: சரி, நம் மலையில் புதிதாக ஒன்றுமே கிடைக்காதா?

கயல்: கிடைத்திருக்கிறதே! உங்கள் தோப்புக்குப் பின்னால் தெரிகிற மேற்குத் தொடர்ச்சி மலையில்தான். 2003இல் கேரளத்தின் இடுக்கியிலிருந்து ஊதா நிறத் தவளை ஒன்றைப் பிஜூ, பிராங்கி பொசுய் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் விவரித்தார்கள். கூரான பன்றி மூக்கு, ஆண்டு முழுவதும் மண்ணுக்குள் வாசம். மழை தொடங்கும்போது இனப்பெருக்கத்துக்காகச் சில நாள் மட்டும் வெளியே வரும். மலையாளத்தில் மாவேலித் தவளை என்றும் சொல்வார்கள். அதன் நெருங்கிய சொந்தம் சீஷெல்ஸ் தீவில் இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், அதன் தலைப்பிரட்டையை 1918இலேயே விவரித்திருந்தார்கள். பிள்ளையைப் பார்த்து 85 ஆண்டு கழித்துத்தான் தாயாருக்குப் பெயர்!

கயல்: பிறகு 2017இல் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம், கிழக்குச் சரிவில், அதே சாடையில் இன்னொன்று. பார்த்தவுடன் பழையது என்றுதான் தோன்றும். ஆனால் டிஎன்ஏ வேறு, கத்தும் குரல் வேறு. எனக்கு மிகவும் பிடித்தது அதன் பருவம். கேரளத்துத் தவளை தென்மேற்கு மழையை ஒட்டி வெளியே வருகிறது. நம்முடையது ஐப்பசி, கார்த்திகை மழைக்குத்தான் வருகிறது. அச்சில் வார்த்தது போல ஒரே சாடை, பஞ்சாங்கம் மட்டும் வேறு.

ஆச்சி: அதற்கு யாருடைய பெயரை வைத்தார்கள்?

கயல்: பூபதி, ஆச்சி. கோவையில் சாலிம் அலி பறவையியல் மையத்தில் இருந்த ஊர்வன ஆராய்ச்சியாளர். 2014இல் மலையில் களப்பணிக்குப் போன இடத்தில் விபத்தில் இறந்துவிட்டார்.

ஆச்சி: அப்படிப்பட்டவருக்கு வைத்தது சரிதான்.

பெரியப்பா: ஓய்வுபெற்ற தமிழாசிரியன் ஒருவன் குழுவில் இருப்பதை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். நுணலும் தன் வாயால் கெடும் என்று பிள்ளைகளுக்கு முப்பது ஆண்டு சொல்லிக்கொடுத்தேன். நுணல் என்பது மணலுக்குள் ஒளிந்து கிடக்கும் தவளை. இருக்கும் இடம் ஒருவருக்கும் தெரியாது, தானே கத்திக் காட்டிக்கொடுத்துக்கொள்ளும். ராஜு தோண்டி எடுத்தது நுணல்தான்.

கயல்: பெரியப்பா!! இதை என் வழிகாட்டிப் பேராசிரியரிடம் சொல்லப் போகிறேன். நாங்களும் இரவில் குரலைப் பின்தொடர்ந்துதானே போகிறோம்.

ராஜு சித்தப்பா: நுணலை வாய்க்கால் ஓரம் ஈர மண்ணில் விட்டுவிட்டேன். இரண்டு நிமிடத்தில் பின்பக்கமாகப் புதைந்து போயிற்று. கடைசியில் கண் மட்டும் தெரிந்தது.

(இரவு 9:40)

ராஜு சித்தப்பா: (குரல் பதிவு, 41 வினாடி) மழை பிடித்துவிட்டது. ஓடைப் பக்கம் கேட்டது.

கயல்: 22ஆம் வினாடியில் கோழி கொக்கரிப்பது போல வருகிறதே, அது கோழியா?

ராஜு சித்தப்பா: தோப்பில் ஏது கோழி? கரையில் மண்ணுக்கு அடியிலிருந்து வருகிறது.

கயல்: சித்தப்பா, தோண்டாதீர்கள். விளக்கும் அடிக்காதீர்கள். மோட்டார் சத்தம் எல்லாவற்றையும் அமுக்குகிறது. அதை நிறுத்திவிட்டு இன்னொரு முறை பதிவு செய்யுங்கள்.

பெரியம்மா: விளக்கு இல்லாமலா? ஓடையில் பாம்பு கிடக்கும், ராஜு.

ராஜு சித்தப்பா: மோட்டாரை நிறுத்திவிட்டேன். யாரும் ஐந்து நிமிடம் செய்தி அனுப்ப வேண்டாம், போன் மணி அடிக்கிறது.

முத்து மாமா: சரி மச்சான்.

ராஜு சித்தப்பா: மாப்பிள்ளை!