பெரிய சாதனம் எது போட்டாலும் ஆர்சிசிபி விழுகிறது, எடுத்துவிடலாமா?

ஒயர்கூடை:
வீடு முழுவதற்கும் ஒரே ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் ஸ்விட்ச்), 40 ஆம்பியர், கசிவு அளவு 30 மில்லி ஆம்பியர். இத்தனை நாள் சும்மா இருந்தது, இப்போது அயர்ன் பாக்ஸ் போட்டதும் விழுகிறது. வேறு அயர்ன் பாக்ஸ் மாற்றிப் பார்த்தேன், அதற்கும் விழுகிறது. வேறு அறையில் கெட்டில் போட்டாலும் அதே கதைதான், ஆனால் பல்பும் சார்ஜரும் நாள் முழுக்க ஓடினாலும் ஒன்றும் ஆவதில்லை. வந்து பார்த்த எலக்ட்ரீஷியன், "இது ரொம்ப சென்சிட்டிவ் சார், எடுத்துட்டு டைரக்டா கொடுத்துடலாம், எம்சிபிதான் இருக்கே" என்கிறார். செய்யலாமா?

மெக்கர்:
தயவுசெய்து வேண்டாம். எம்சிபி பார்ப்பது ஓவர்லோடும் ஷார்ட்டும் மட்டும்தான். உங்கள் உடம்பு வழியாக 0.1 ஆம்பியர் போனால் உயிர் போகலாம், 16 ஆம்பியர் எம்சிபிக்கு அது கண்ணிலேயே படாது. ஆர்சிசிபி பேஸில் போன கரண்ட் முழுவதும் நியூட்ரலில் திரும்புகிறதா என்று பார்க்கிறது. 30 மில்லி ஆம்பியர் குறைந்தால் 0.3 நொடிக்குள் துண்டித்தாக வேண்டும்.

நள்ளிரவு வயர்மேன்:
சாதனங்களை விடுங்க, எனக்கு நியூட்ரல் மேல்தான் சந்தேகம். எங்கோ நியூட்ரல் எர்த்தைத் தொடுகிறது. அப்படியென்றால் திரும்பும் கரண்டில் ஒரு பங்கு எர்த் வழியாகப் போய்விடும். கெட்டில் 8 ஆம்பியர் இழுத்தால் அதில் அரை சதவீதம் அப்படிப் போனாலே 40 மில்லி ஆம்பியர், ஆர்சிசிபி விழாமல் என்ன செய்யும்? எல்இடி பல்பு இழுப்பதே கொஞ்சம், அதில் அரை சதவீதம் ஒன்றுமே இல்லை. சிங்கிள் போல் எம்சிபி பேஸை மட்டும்தான் வெட்டும், அதனால் ஒவ்வொரு எம்சிபியாக ஆஃப் செய்து தேடினாலும் பிடிபடாது, நியூட்ரல் அப்படியே சேர்ந்துதான் இருக்கும். மெயினை ஆஃப் செய்து, நியூட்ரல் வயர்கள் எல்லாம் சேரும் பட்டையான நியூட்ரல் லிங்க்கில் இருந்து வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, எர்த்துக்கும் அதற்கும் நடுவே மெக்கர் (இன்சுலேஷனை அளக்கும் கருவி) வைத்துப் பார்க்கச் சொல்லுங்க. நீங்களே கை வைக்காதீர்கள். வெளியே மழை படும் லைட் ஏதாவது இருந்தால் முதலில் அதைப் பார்க்கலாம்.

அரைவட்டம்:
டெஸ்ட் பட்டன் அழுத்தினால் விழுகிறது, அதனால் எர்த்தும் சரி என்று சிலர் நினைக்கிறார்கள். அந்தப் பட்டனுக்கு எர்த்தே தேவையில்லை, உள்ளே ஒரு ரெசிஸ்டர் வழியாகத்தான் கசிவை உண்டாக்குகிறது. எர்த்தைத் தனியாகத்தான் அளக்க வேண்டும். இன்னொன்று, ஒரு கையில் பேஸும் மறு கையில் நியூட்ரலும் பட்டால் ஆர்சிசிபிக்கு நீங்களும் ஒரு பல்புதான், காப்பாற்றாது.

ஒயர்கூடை:
வேறு ஆளை வைத்துப் பார்த்தாச்சு. கேட் லைட்டின் இரும்புப் பெட்டிக்குள் தண்ணீர், நியூட்ரல் வயர் தோல் உரிந்து பெட்டியில் ஒட்டியிருந்தது. அந்த லைனைப் பிரித்ததும் கெட்டிலும் அயர்ன் பாக்ஸும் ஒன்றாகவே ஓடுகின்றன. பெட்டியை மாற்றும்வரை அந்த லைனைச் சேர்க்காமல் வைத்திருக்கிறேன். வாஷிங் மெஷின் இன்வெர்ட்டர் வகை, என் ஆர்சிசிபியில் ஏசி டைப் என்று இருக்கிறது, அது பரவாயில்லையா?

நள்ளிரவு வயர்மேன்:
ஏசி டைப் சுத்தமான ஏசி கசிவுக்கு மட்டும்தான் உத்தரவாதம். இந்த மாதிரி மெஷினில் கசிவு துடிக்கும் டிசியாகவும் வரலாம், அதையும் பிடிக்கும் ஏ டைப் போடுங்க. மெஷின் கையேட்டில் எந்த டைப் கேட்டிருக்கிறார்கள் என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்க, சிலது எஃப் டைப் கேட்கும்.