புதுப்பிப்பு: சிட்னி மேற்குப் புறநகரில் நல்ல சாப்பாடு

ஸ்கோஃபீல்ட்ஸ் பக்கம் குடிவந்த புதிதில், இங்கே நம்ம ஊர்ச் சாப்பாடு எங்கே நன்றாக இருக்கும் என்று கேட்டிருந்தேன். பலரும் இந்தியக் கடைகள் நிறைந்த ஹாரிஸ் பார்க் என்ற புறநகருக்குப் போகச் சொன்னீர்கள். போனேன். அங்குள்ள விக்ரம் (Wigram) தெரு சாயங்காலத்தில் களைகட்டுகிறது. சாட், கபாப், இனிப்பு எல்லாம் அருமை. ஆனால் நான் தேடியது இட்லியும் சாம்பாரும்.

அது கிடைத்தது வென்ட்வொர்த்வில், பெண்டில் ஹில், டூங்காபி பக்கம். மூன்றும் ஒரே ரயில் பாதையில் அடுத்தடுத்த நிலையங்கள். ஈழத்தமிழர்கள் நிறைய இருக்கும் பகுதி என்பதால் இடியாப்பமும் சொதியும் சுலபமாகக் கிடைக்கின்றன. பெண்டில் ஹில்லில் ஒரு சின்னக் கடையில் சொதி கேட்டேன். தேங்காய்ப்பால் திரியாமல், பச்சை மிளகாயும் வெந்தயமும் மணக்க, கடைசியில் எலுமிச்சை பிழிந்து கொடுத்தார்கள். கூடவே இடித்த சம்பல். பக்கத்தில் கல்லில் கொத்து ரொட்டி கொத்தும் சத்தம். அந்தச் சாப்பாட்டுக்காகவே மறுபடி போவேன்.

தோசைக்கு ஒரு யோசனை: கூட்டம் குறைவான மதிய நேரத்தில் சாதா தோசை மட்டும் கேளுங்கள். மாவு புளித்த பக்குவம் அதில் உடனே தெரிந்துவிடும். மசாலா தோசையில் கிழங்கு அதை மறைத்துவிடும்.

அப்புறம், வார இறுதியில் சிட்னிக்குத் தெற்கே உள்ள ஹெலன்ஸ்பர்க் வெங்கடேஸ்வரர் கோயில் போகிறவர்கள் அங்குள்ள கேன்டீனை விட்டுவிடாதீர்கள். தூரம்தான், ஆனால் போகலாம்.

செட்டிநாட்டு மீன் குழம்பு மட்டும் இன்னும் மனசுக்குப் பிடித்த மாதிரி அமையவில்லை. பிளாக்டவுன் பக்கம் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.