மறு: கலைச்சொல் – ‘பொருந்தாத’ வேண்டாம், ‘ஏற்கப்படாத’

அண்ணை, வணக்கம். வலையமைப்பு ஆளிகளுக்கான (நெற்வேர்க் சுவிட்ச்) நம் வழிகாட்டி வரைவில் இப்படி ஒரு வரி:

> மூன்றாந்தரப்பு ஒளிமாற்றி பொருந்தாவிட்டால் ஆளி போர்ட்டை மூடிவிடும்.

இந்த வரியில் மூன்று சொல்லும் இடிக்கின்றன.

‘மூன்றாந்தரப்பு’ என்பதில் கடைசி ‘ப்பு’ விழுந்தால் ‘மூன்றாந்தர’, மட்டமானது என்றாகிவிடும். ‘பிறதயாரிப்பு’ போதும். ‘ஒளிமாற்றி’யை மீடியா கன்வேர்ட்டருக்கு விடுவோம், அது தனி மின்சாரத்தில் ஓடும் தனிப்பெட்டி. ஆளிக்குள் செருகி இழைவழியே ஒளியை அனுப்பி வாங்கும் சிறு எஸ்எஃப்பி மொடியூலுக்குச் ‘செலுத்துவாங்கி’ என்கிறேன்.

பெரிய சிக்கல் ‘பொருந்தாத’. எஸ்எஃப்பி-யின் அளவும் 20 தொடுமுனைகளும் தயாரிப்பாளர்களின் பொது உடன்பாட்டின்படி அமைந்தவை. எவருடைய மொடியூலும் எவருடைய துளையிலும் சரியாக உட்காரும். ஆளி பார்ப்பது மொடியூலின் நினைவகத்தை: 20 முதல் 35 வரையான பைட்டுகளில் தயாரிப்பாளர் பெயர், 40 முதல் 55 வரை பாக எண். அதில் திருப்தி இல்லையென்றால் சிஸ்கோவின் கேட்டலிஸ்ட் வகை ஆளியில் போர்ட் ‘எர்-டிசேபிள்ட்’ ஆகும், அதாவது பிழையென்று ஆளியே மூடிவிடும். அதை ஏற்கவைக்க ‘சேர்விஸ் அன்சப்போர்ட்டட்-ரான்ஸீவர்’ என்று கட்டளை கொடுக்க வேண்டும் (கேள்விக்குறி போட்டுத் தேடினால் பட்டியலில் வராது). பிறகு, இந்தக் காரணத்துக்காக மூடாதே என்று ‘நோ எர்டிசேபிள் டிடெக்ற் கோஸ் ஜிபிக்-இன்வலிட்’. மொடியூலைக் கழற்றிச் செருகி, போர்ட்டை ‘ஷட்’, ‘நோ ஷட்’ (மூடித் திறத்தல்) செய்தால் பெரும்பாலும் எழும்பிவிடும். மொடியூலில் பழுதே இல்லை. ‘பொருந்தாத’ என்று வழிகாட்டியில் வாசிப்பவர் நல்ல மொடியூலைக் குப்பையில் போடுவார். ஆகவே ‘ஏற்கப்படாத’.

ஏற்கப்பட்ட பிறகும் லிங்க் இல்லையென்றால் அதற்கு ‘ஒளிக்குறை’ என்று தனித்தலைப்பு வேண்டும். அங்கே முதலில் பார்க்க வேண்டியது வாங்கும் ஒளியின் அளவு. 10 கிகாபிற் எல்ஆர் வகைக்கு (10 கிலோமீற்றர் வரை எட்டுவது) −14.4 டிபிஎம்-க்குக் (ஒளித்திறனின் அலகு) கீழே போனால் லிங்க்கை நம்ப முடியாது. வாசிப்பு −40 என்றால் ஒளியே வரவில்லை: இழை இரண்டும் இடம்மாறியிருக்கும், அல்லது எங்கோ முறிந்திருக்கும். ஒரே இழையில் இருதிசையும் ஓடும் பைடி வகை என்றால் அனுப்பும் ஒளியின் அலைநீளம் ஒருமுனையில் 1270, மறுமுனையில் 1330 நனோமீற்றர். இரண்டு முனையிலும் ஒரே வகையைப் போட்டுவிட்டு ஆளியைக் குறை சொல்வது வழக்கம்.

*

தம்பி,

‘ஏற்கப்படாத’ சரி. ‘செலுத்துவாங்கி’ வாயில் நிற்குமா தெரியாது, வேலைத்தளத்தில் எல்லோரும் ‘மொடியூல்’ என்றே சொல்வார்கள். முதலில் வருமிடத்தில் இரண்டையும் சேர்த்துப் போடுவோம். ‘பிறதயாரிப்பு’க்கு மறுப்பில்லை.

‘ஒளிக்குறை’யோடு ‘ஒளிமிகை’யும் வேண்டும். திருமலை நகரிலிருந்து நிலாவெளி ஏறக்குறைய 15 கிலோமீற்றர். 10 கிலோமீற்றர் எல்ஆர் எட்டாதென்று 40 கிலோமீற்றர் ஈஆர் வாங்குவார்கள், அது சரி. மிஞ்சியதை நகருக்குக் கிட்டவுள்ள உப்புவெளிக்கும் போட்டால் அங்கே ஒளி மிகுந்து மொடியூலின் வாங்கும் பக்கம் திணறும். ஈஆர் −1 டிபிஎம்-க்கு மேல் தாங்காது. இடையில் ஒளித்தணிப்பி போட வேண்டும், 5 அல்லது 10 டெசிபெல்.

வெயிலில் நிற்கும் பெட்டிகளையும் சேர். சாதாரண மொடியூலின் வெளிக்கூட்டு வெப்ப எல்லை 70 பாகை செல்சியஸ், தொழிற்துறை வகைக்கு 85. மத்தியானம் விழுந்து இரவில் தானாக எழும்பும் லிங்க்குக்கு முதற்சந்தேகம் இதுதான். கடற்கரையில் தூசிமூடியில்லாமல் வைத்த மொடியூலைச் செருகுமுன் முனையைச் சுத்தம் செய்யச் சொல். பச்சைத்தலை ஏபிசி (முனை சரிவானது) இணைப்பானை நீலத்தலை யூபிசி-யில் (முனை சரிவில்லாதது) திணிக்க வேண்டாம் என்றும் எழுது.

திருத்திய வரி: “பிறதயாரிப்புச் செலுத்துவாங்கி (மொடியூல்) ஏற்கப்படாவிட்டால் ஆளி போர்ட்டை மூடிவிடும்.”

‘எர்-டிசேபிள்ட்’டுக்கு இன்னும் சொல் இல்லை. ‘பிழைமூடல்’ எப்படி?