டெரியோஸில் லோ கியர் இருக்கிறதா, இல்லையா?

லபுக்கலைவாசி:
முகநூலில் நேற்று ஒரு பெருமகனார் எழுதியதைப் படித்ததிலிருந்து வயிறு எரிகிறது. "டிசம்பர் முதல் பெப்ரவரி வரை மலையகத்தில் ஃபோர் வீல் (நான்கு சக்கர இழுவை) இல்லாத வாகனம் ஓட்டுபவன் குடும்பத்தையே கொல்லப் பார்க்கிறான். சுசுகி ஜிம்னி ஜீப் வாங்கப் பணம் இல்லையென்றால் பழைய டைஹட்சு டெரியோஸ் வாங்குங்கள், இரண்டும் ஒன்றுதான்" என்பது அவருடைய தீர்ப்பு. கீழே விருப்பக்குறிகள் குவிந்து கிடக்கின்றன.

என்னிடம் இருப்பது டொயோட்டா கொரோலா 110 கார். முன்சக்கர இழுவை. வடகீழ்ப் பருவமழை கொட்டும்போதும் இறம்பொடை வளைவுகளில் ஏறுகிறது, இறங்குகிறது. இது என்ன சைபீரியாவா? நுவரெலியாவில் ஜனவரியில் உறைபனி படிவது புல்லிலும் தேயிலையிலும்தான். ஏ5 வீதியில் பனியை வழிக்க யாரும் மண்வெட்டியோடு போவதில்லை.

டெரியோஸ்காரன்_ஹப்புத்தளை:
அந்தப் பதிவை எழுதியது நானில்லை என்பதுதான் என் வருத்தம். அவர் சொன்னதில் என்ன பிழை? டெரியோஸில் நான்கு சக்கரமும் எந்நேரமும் இழுக்கின்றன. ஜிம்னிக்காரர்களைப் போல மழை வந்த பிறகு யோசித்து யோசித்துப் போட வேண்டியதில்லை. லிப்டன் சீட்டுக்குப் போகும் தம்பதென்னைப் பாதையில் மழைக்காலத்தில் ஏறியிருக்கிறேன். சேறு வந்தால் டாஷ்போர்டில் ஒரு பட்டன். அழுத்தினால் லோ. அவ்வளவுதான் வேலை.

துரையல்ல:
அழுத்தினால் லோவா? தம்பி, டெரியோஸில் லோ கியர் கிடையாது. முதல் தலைமுறை டெரியோஸில் அந்தப் பட்டன் பூட்டுவது முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் வலுவைப் பிரிக்கும் நடு டிஃபரன்ஷியலை. முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில் சுற்றும், வேறெதுவும் நடக்காது. வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் இரண்டாவது பல்லிணைப்புதான் லோ கியர், அது அந்த வாகனத்துக்குள் இல்லை. ஜிம்னியில் அது இரண்டு அச்சுக்கும் வலுவை அனுப்பும் ட்ரான்ஸ்ஃபர் பெட்டிக்குள் இருக்கிறது. ஏணி போன்ற சட்டகம், 2250 மில்லிமீற்றர் சக்கர இடைவெளி, லோ கியர். இந்த மூன்றும் இல்லாத ஒன்றை ஜிம்னியோடு ஒப்பிடுகிறவர் இரண்டையும் ஓட்டியதில்லை.

டெரியோஸ்காரன்_ஹப்புத்தளை:
சில ஜிம்னிகளிலும் பட்டன்தானே ஐயா? உங்கள் வாகனத்தில் பட்டன் என்றால் லோ, எங்கள் வாகனத்தில் பட்டன் என்றால் பூட்டா? நல்ல நியாயம்.

துரையல்ல:
பட்டன் எங்கே இருக்கிறது என்று நான் கேட்கவில்லை, பட்டனுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கேட்கிறேன். டெரியோஸில் லோ கியர் இருக்கிறதா, இல்லையா? ஆம் அல்லது இல்லை.

டயர்க்கடை_ஹட்டன்:
இரண்டு பேரும் வாகனத்துக்கு மேலே இருந்து பேசுகிறீர்கள். கொஞ்சம் குனிந்து டயரைப் பாருங்கள். ஃபோர் வீல் என்பது வாகனத்தைக் கிளப்ப உதவும், ஏற்ற உதவும். நிறுத்த உதவாது. கொரோலாவாக இருந்தாலும் ஜிம்னியாக இருந்தாலும் பிரேக் நான்கு சக்கரத்திலும்தான் பிடிக்கிறது, அதன் பிறகு எல்லாம் டயரின் கையில்.

என் கடைக்கு ஃபோர் வீலில் வருகிற பெரிய மனிதர்களின் டயரில் பள்ளமே இருக்காது. பள்ளத்துக்குள் 1.6 மில்லிமீற்றர் உயரத்தில் ஒரு சிறிய திட்டு இருக்கும். டயர் தேய்ந்து அந்தத் திட்டோடு சமமாகிவிட்டால் அதன் ஆயுள் முடிந்தது. பக்கவாட்டில் நான்கு இலக்கம் அச்சிட்டிருக்கும். 2319 என்றால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரத்தில் செய்தது. இதைப் படித்துப் பார்த்து வாகனம் வாங்குகிறவர் எத்தனை பேர்? பெயின்டைத் தடவிப் பார்க்கிறார்கள், சீட் உறையை மோந்து பார்க்கிறார்கள்.

இன்னொன்று. எந்நேரமும் நான்கு சக்கரமும் இழுக்கும் வாகனத்துக்கு நான்கு டயரும் ஒரே அளவிலும் ஒரே தேய்மானத்திலும் இருக்க வேண்டும். முன்னால் புதிது, பின்னால் பழையது என்று போட்டால் உள்ளே பல்லிணைப்புகள் ஓயாமல் உரசிக்கொண்டே ஓடும். டெரியோஸ்காரன் அண்ணன் போன மாதம் இரண்டு டயர் மட்டும் கேட்டு வந்தது எனக்கு நினைவிருக்கிறது.

டெரியோஸ்காரன்_ஹப்புத்தளை:
வாடிக்கையாளர் வாங்கியதைச் சபையில் சொல்வதுதான் உங்கள் வியாபார தர்மமா? இனிமேல் பண்டாரவளையிலேயே வாங்கிக்கொள்கிறேன்.

துரையல்ல:
டயரைக் காட்டி பேச்சை மாற்ற வேண்டாம். நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியில் 2023 ஜனவரியில் பஸ்ஸும் வேனும் முச்சக்கரவண்டியும் மோதி 7 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகும் அந்தச் சரிவு உங்களுக்கு விளங்கவில்லையா? இந்த நாட்டில் ஆபத்து ஏற்றத்தில் இல்லை, இறக்கத்தில். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் தட்டு சூடேறும், ஈரம் ஏறிய பழைய பிரேக் எண்ணெய் கொதிக்கும், கடைசியில் பெடல் வெறுமையாகக் கீழே போகும். லோ கியரில் போட்டால் என்ஜினே வாகனத்தைப் பிடித்துக்கொள்ளும், காலை எடுத்துவிடலாம். ஆகவே மறுபடியும் கேட்கிறேன்: டெரியோஸில் லோ கியர் இருக்கிறதா?

லபுக்கலைவாசி:
ரதல்லயில் லோ கியர் போட்டு இறங்கப் போகிறீர்களா? தார் வீதியில்? பின்னால் வருகிறவர்கள் ஹோன் அடித்தே உங்களைப் பள்ளத்தில் தள்ளிவிடுவார்கள். என் கொரோலாவில் இரண்டாம் கியர் போதும், செங்குத்தான இடத்தில் முதல் கியர். உங்கள் ஜிம்னியில் நடு டிஃபரன்ஷியலே கிடையாது. காய்ந்த தாரில் ஃபோர் வீல் போட்டுக் கொண்டை ஊசி வளைவில் திருப்பினால் டயர் இழுபடும், பெட்டி முறுகும். அதனால் நீங்களும் தார் வீதியில் பின்சக்கர இழுவையில்தான் ஓட்டுகிறீர்கள். வருடத்தில் பெரும்பாலான நாட்கள் என்னுடையதை விட வழுக்கும் வாகனத்தில் போய்க்கொண்டு எனக்கு அறிவுரை.

2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் அட்டைக்குக் காருக்கு வாரம் 20 லீற்றர் பெற்றோல் கிடைத்த காலத்தில் உங்கள் ஜிம்னி எங்கே நின்றது என்று நான் கேட்க மாட்டேன். ஊருக்கே தெரியும்.

மஸ்கெலியா_டீச்சர்:
வணக்கம். உங்கள் சண்டைக்கு நடுவே ஒரு கேள்வி. கையில் 45 இலட்சம் ரூபா இருக்கிறது, லீசிங் எடுக்க மனமில்லை. நான் படிப்பிக்கும் தோட்டப் பாடசாலைக்குப் போகும் பாதையின் கடைசிப் பகுதி கல்லும் செம்மண்ணும். மழைக்கு முச்சக்கரவண்டிக்காரர் பாதியிலேயே இறக்கிவிட்டுப் போய்விடுகிறார். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதியைத் தனியாருக்கு 2025 பெப்ரவரியில் திறந்தும் பழைய வாகனத்தின் விலை என் கைக்கு எட்டும் அளவுக்கு இறங்கவில்லை.

நீங்கள் ஒவ்வொருவரும் ஃபோர் வீல் என்று சொல்வது ஒரே பொருளையா? ஒருவர் எந்நேரமும் இழுப்பதைச் சொல்கிறார், ஒருவர் தேவைப்படும்போது போடுவதைச் சொல்கிறார். முதலில் அதைத் தெளிவாக்கிவிட்டு அடித்துக்கொள்ளலாமே.

துரையல்ல:
டீச்சர், தெளிவாக்க ஒன்றுமில்லை. லோ கியர் இருந்தால் ஃபோர் வீல். இல்லாவிட்டால் உயரமான கார்.

கொழும்பு_மருமகன்:
மாமியார் வீடு பண்டாரவளையில் என்பதால் எனக்கும் மலைநாட்டு அனுபவம் உண்டு. இந்தக் காலத்தில் ஜிம்னி, டெரியோஸ் என்று ஏன் தகரத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள்? நல்ல ஹைபிரிட் ஒன்றை எடுத்தால் எரிபொருளும் மிச்சம், ஏசியும் இருக்கும். மூடுபனிக்கு உயர் வெளிச்சத்தைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் போனால் போதும்.

லபுக்கலைவாசி:
மூடுபனியில் உயர் வெளிச்சம் போட்டால் பனியே வெள்ளைச் சுவராகத் திருப்பி அடிக்கும், மருமகனே. எதிரே வருகிறவனுக்கும் கண் போய்விடும். தாழ்ந்த வெளிச்சம்தான் போட வேண்டும். ஏப்ரல் சீசனுக்கு வந்து கிரகரி வாவியைச் சுற்றி நெரிசல் உண்டாக்குவது உங்களைப் போன்றவர்கள்தான் என்று நினைத்தேன், சரியாகிவிட்டது.

கொழும்பு_மருமகன்:
சுற்றுலாப் பயணிகளின் பணம் மட்டும் இனிக்கிறதோ?

டெரியோஸ்காரன்_ஹப்புத்தளை:
மூடுபனியைப் பற்றி நுவரெலியாப் பக்கத்தவர்கள் வகுப்பு எடுக்க வேண்டாம். ஹப்புத்தளையில் இரண்டு பக்கமும் பள்ளம். கீழிருந்து மேகம் ஏறி வந்து ரயில் நிலையத்தையே விழுங்கும். உங்களுடையது வெறும் தூறல்.

லபுக்கலைவாசி:
1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிற நுவரெலியாவுக்கு 1,431 மீற்றர் ஹப்புத்தளை பனி கற்பிக்கிறது. சரி, சரி.

லயத்துப்பிள்ளை:
ஒருவர் 'துரையல்ல' என்று பெயர் வைத்துக்கொண்டு தோட்டத்துத் துரையைப் போலவே விசாரணை நடத்துகிறார். ஆம் அல்லது இல்லை, பதில் சொல், அடுத்தவன் வரட்டும். எங்கள் தோட்டத்தில் லேண்ட் ரோவர் நின்றது பங்களா வாசலில். பிரசவ வலி கண்ட பெண்ணைக் கொழுந்து லொறியில் ஏற்றித்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். லோ கியர் இருந்த வாகனம் எங்களுக்காக ஒரு நாளும் திரும்பவில்லை. எந்த வாகனம் நல்லது என்று பேசுகிறீர்களே, பாதையை யார் போடுவது என்று ஒருவராவது கேட்டீர்களா?

துரையல்ல:
நான் வெளிக்கள உத்தியோகத்தராக இருந்தவன், துரையாக இருந்ததில்லை. பெயரிலேயே அதைத்தான் எழுதி வைத்திருக்கிறேன். எனக்குத் தோட்டம் தந்தது ஒரு மோட்டார் சைக்கிள். அந்தக் கோபத்தை என்மீது இறக்க வேண்டாம். பாதை மோசம் என்று நீங்களே சொல்கிறீர்கள். மோசமான பாதைக்கு என்ன வேண்டும்? லோ கியர். அது டெரியோஸில் இருக்கிறதா?

லயத்துப்பிள்ளை:
பேசியதற்கு இதுதான் பதில் என்றால் வாழ்த்துகள்.

டயர்க்கடை_ஹட்டன்:
டீச்சருக்குச் சொல்கிறேன். டெரியோஸ் பார்த்தால் பட்டனைப் போட்டு, காய்ந்த தாரில் அல்லாமல் மண்ணில் மெல்ல ஓட்டி, விளக்கு எரிகிறதா, பூட்டு விழுகிறதா, எடுத்தால் விடுகிறதா என்று பாருங்கள். ஜிம்னி என்றால் வேகம் ஏறும்போது ஸ்டீயரிங் நடுங்குகிறதா என்று பாருங்கள். முன் அச்சின் பெயரிங்குகள் தேய்ந்திருந்தால் கைப்பிடியே உதறும். முதல் தலைமுறை ஹோண்டா சிஆர்வி யாராவது காட்டினால், முன்சக்கரம் வழுக்கும் வரை பின்சக்கரம் சும்மா வரும் அமைப்பு அது. பின் டிஃபரன்ஷியலுக்கு அதற்கென்றே உள்ள எண்ணெய்தான் ஊற்ற வேண்டும். வேறு ஊற்றியிருந்தால் வளைவில் முனகும். வாங்குவதற்கு முன் எதையும் வாகனத்துக்குக் கீழே படுத்துப் பாருங்கள். பாகங்களுக்குக் கொழும்பில் பஞ்சிகாவத்தை இருக்கிறது, பயப்பட வேண்டாம்.

துரையல்ல:
பாகம் கிடைக்கும், கியர் கிடைக்காது. இல்லாத லோ கியரைப் பஞ்சிகாவத்தையில் விற்பதில்லை.

லபுக்கலைவாசி:
2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மண் சரிந்து பாதைகள் மூடினவே, அப்போது உங்கள் லோ கியர் எந்த மலையைத் தாண்டியது? கொரோலா வைத்திருந்தவனும் நின்றான், ஜிம்னி வைத்திருந்தவரும் நின்றார். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சிவப்பு எச்சரிக்கை விட்டால் வண்டியை எடுக்காமல் பாதுகாப்பான இடத்துக்குப் போவதுதான் புத்தி. அந்த முகநூல் பெருமகனார் அதை ஒரு வரி எழுதினாரா?

துரையல்ல:
புயலைக் கொண்டு வந்து கொரோலாவுக்கு முட்டுக் கொடுக்கிறார். மண் சரிந்த இடத்தில் ஹெலிகொப்டர்தான் போகும், அதற்கும் லோ கியர் கிடையாது என்பதை ஏற்றுக்கொள்கிறேன். டெரியோஸ்காரர் இன்னும் பதில் சொல்லவில்லை. மேலே போய்ப் பாருங்கள், எத்தனை முறை கேட்டேன் என்று.

டெரியோஸ்காரன்_ஹப்புத்தளை:
பதில் வேண்டுமா? என் டெரியோஸ் பட்டனை அழுத்தியதும் இழுவை கூடுகிறது. என் கால் உணர்கிறது. உங்கள் புத்தகம் என்ன சொன்னால் எனக்கென்ன? அதை நான் லோ என்றுதான் சொல்வேன்.

துரையல்ல:
இழுவை கூடவில்லை, வெறுமனே சுற்றிக்கொண்டிருந்த சக்கரத்துக்குப் போன வலு மற்ற அச்சுக்கும் போகிறது. இரண்டும் வேறு. பட்டனை அழுத்திவிட்டு முதல் கியரில் என்ஜின் சுற்றையும் வேகமுள்ளையும் பாருங்கள். லோ என்றால் அதே சுற்றுக்கு வேகம் விழ வேண்டும். விழுகிறதா? காணொளி எடுத்துப் போடுங்கள்.

டெரியோஸ்காரன்_ஹப்புத்தளை:
இவ்வளவு நியாயம் பேசுகிறவர் என் தம்பிக்கு விற்ற ஜீப்பைப் பற்றியும் கொஞ்சம் பேசலாமே. "லோ கியர் பஞ்சு போல விழும்" என்று சொல்லி விற்றீர்கள். விழுந்தது உண்மை. விழுந்தது பிறகு எழும்பவே இல்லை.

துரையல்ல:
ஓட்டிப் பார்த்து, திருப்தி என்று சொல்லி வாங்கியவர் அவர். நான் ஒன்றையும் மறைக்கவில்லை. லோ கியரில் போட்டபடி தார் வீதியில் ஓட்டினால் எந்தப் பெட்டியும் தாங்காது.

டெரியோஸ்காரன்_ஹப்புத்தளை:
அப்படியானால் லோ கியர் உடையும் சாமான் என்று நீங்களே ஒத்துக்கொள்கிறீர்கள். எங்களிடம் இல்லாதது உடையாது.

துரையல்ல:
எல்லோரும் பாருங்கள்: "எங்களிடம் இல்லாதது." எழுதிவிட்டார்.

டெரியோஸ்காரன்_ஹப்புத்தளை:
ஒரு பேச்சுக்குச் சொன்னேன். பட்டன் இருக்கிறது.

மஸ்கெலியா_டீச்சர்:
ஞாயிறு காலை ஹட்டனில் ஒரு டெரியோஸைப் பார்க்கப் போகிறேன். டயர்க்கடைத் தம்பி நேரம் இருந்தால் வந்து கீழே படுத்துப் பார்க்க முடியுமா? மற்றவர்கள் யாரும் வர வேண்டாம்.

டயர்க்கடை_ஹட்டன்:
வருகிறேன் டீச்சர். ஏழு மணிக்கு முன்னால் என்றால் நல்லது.

துரையல்ல:
நானும் ஹட்டனுக்கு அன்று வருகிறேன். பட்டனைக் கண் முன்னால் அழுத்திக் காட்டி இந்த விவகாரத்தை முடித்துவிடலாம். டெரியோஸ்காரரும் காணொளி எடுக்கத் துணிவிருந்தால் வரட்டும்.

டெரியோஸ்காரன்_ஹப்புத்தளை:
காணொளி போடுகிறேன். முதலில் நீங்கள் தம்பியின் ஜீப் பணத்தைப் போடுங்கள்.