விதையைத் தவிர எதையும் தொடாத கிளிகள்: எங்கள் வீட்டு அனுபவங்கள்

மேற்கு மாம்பலத்திலிருந்து:

எங்கள் வீட்டில் இருப்பது காக்டெயில் என்கிற கொண்டை வைத்த சின்னக் கிளி. பெயர் பாப்பு. கடையில் இருந்தவரை தினையும் சூரியகாந்தி விதையும்தான் அதற்குத் தீனி. அதனால் கொய்யா, கேரட் எதுவுமே அதற்குச் சாப்பாடாகத் தெரியவில்லை. கிண்ணத்தில் ஒரு ஆப்பிள் துண்டு கிடந்தால் போதும், எதிர்மூலைக்கு ஒதுங்கிக் கொண்டையை நட்டமாக நிமிர்த்திக்கொண்டு நிற்கும். காக்டெயில் அப்படி நின்றால் அது பயந்திருக்கிறது. அதனால் "அடம் பிடிக்கிறது" என்று யாராவது சொன்னால் எனக்கு மனது கேட்காது. எது தின்னக்கூடியது என்பதைக் கிளிக்குஞ்சுகள் பெரும்பாலும் கூட்டத்தைப் பார்த்துத்தான் பழகுகின்றன. கூண்டில் பிறந்து விதையை மட்டுமே பார்த்த பறவைக்குக் கேரட் என்பது ஆரஞ்சு நிறத்தில் ஏதோ ஒரு பொருள், அவ்வளவுதான்.

எங்களுக்கு வழி திறந்தது முருங்கைக்கீரையில். கீரைக்கார அம்மாவிடம் வாங்கிய கொத்தை நன்றாகக் கழுவி, உதறாமல், தண்ணீர் சொட்டச் சொட்டக் கூண்டின் மேல்கம்பியில் துணி கிளிப்பால் மாட்டினேன். பாப்பு முதலில் அதைத் தின்னவில்லை, அதில் குளித்தது. ஈர இலைக்குள் தலையை விட்டு, இறக்கையை அகல விரித்து, முதுகு வரை தேய்த்துக்கொண்டது. அப்புறம் இறகு கோதும்போது நெஞ்சில் ஒட்டியிருந்த ஒரு இலையை அலகில் எடுத்தது. நாக்கால் இப்படியும் அப்படியும் உருட்டிப் பார்த்துவிட்டுக் கீழே போட்டது. அடுத்த இலையைக் காம்போடு கிள்ளியது, அதைப் போடவில்லை. கிண்ணத்தில் நறுக்கிப் போட்டிருந்தால் இது நடந்திருக்காது என்பது என் எண்ணம். காட்டில் எந்தப் பறவைக்கும் தட்டில் நறுக்கி வருவதில்லை. கிளையில் தொங்கினால்தான் அதற்குப் புரிகிறது.

இரண்டாவதாகக் கைகொடுத்தது நாங்கள் கூடவே உட்கார்ந்து சாப்பிட்டது. சாயங்காலம் கூண்டுக் கதவைத் திறந்து வைத்துவிட்டு, அதன் கண்முன்னே வெள்ளரிக்காயைக் கடித்துத் தின்போம். அதற்குக் கொடுக்க மாட்டோம், நாங்கள் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருப்போம். கொஞ்ச நாளில் தோளில் வந்து உட்கார்ந்து, என் வாயருகில் இருக்கும் துண்டை எட்டிப் பார்க்க ஆரம்பித்தது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். "விதையை நிறுத்துங்க, பசி வந்தால் தானா சாப்பிடும்" என்று பலரும் சொல்வார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். சின்னப் பறவைகள் பட்டினி தாங்காது. நாங்கள் காலையில் எழுந்ததும், பசி நன்றாக இருக்கும் நேரத்தில் கீரையும் காயும் வைப்போம். ஒரு மணி நேரம் கழித்து வழக்கமான விதையை அளந்து வைப்போம். சமையலறை டிஜிட்டல் தராசில் தினமும் காலையில், முதல் எச்சம் போட்ட பிறகு, தீனிக்கு முன்னால் எடை பார்ப்போம். காக்டெயில் சாதாரணமாக 80 முதல் 100 கிராம் வரை இருக்கும். அதில் 10 சதவீதம் குறைந்தாலே ஆபத்து. உடனே பழைய தீனிக்குத் திரும்பி டாக்டரைப் பார்க்க வேண்டும்.

கொளத்தூரிலிருந்து:

அக்கா சொன்ன எடை விஷயம் ரொம்ப முக்கியம். எங்களிடம் இருப்பது சன் கான்யூர் என்கிற மஞ்சள் நிற வெளிநாட்டுக் கிளி, பெயர் ஜூலி. வெளியூர் மாறிப் போன உறவினரிடமிருந்து வந்தது. வெறும் சூரியகாந்தி விதை தின்று வளர்ந்த பறவை. ஓயாமல் தும்மல், மூக்குத் துளையைச் சுற்றி ஈரம். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனோம். 1903-இல் தொடங்கிய இடம், பறவைகளுக்கும் பார்க்கிறார்கள். டாக்டர் வாயைத் திறந்து டார்ச் அடித்துக் காட்டினார். கிளியின் மேலண்ணத்தில் பொடிப்பொடியாக முள் மாதிரி நீட்டிக்கொண்டிருக்க வேண்டுமாம். ஜூலிக்கு அவை மழுங்கிப் போயிருந்தன. வைட்டமின் ஏ குறைவு என்றார். சூரியகாந்தி விதையில் கொழுப்பு அதிகம், கால்சியம் குறைவு, வைட்டமின் ஏ இல்லவே இல்லை என்று சொல்லலாம்.

அதனால் எங்கள் வீட்டில் பழத்தை விடக் காய்க்குத்தான் முதலிடம். பரங்கிக்காய், வேகவைத்த சர்க்கரைவள்ளி, கேரட், சிவப்புக் குடமிளகாய் எல்லாவற்றிலும் உடம்பு வைட்டமின் ஏ-வாக மாற்றிக்கொள்ளும் சத்து இருக்கிறது. ஆனால் ஜூலி முதலில் தொட்டது இதில் எதையும் இல்லை, பழுத்த மிளகாயை! பறவைகளுக்கு மிளகாயின் காரம் உறைப்பதில்லை. சிவப்பு மிளகாயைக் காலில் இடுக்கிக்கொண்டு, ஐஸ்கிரீம் கோன் போல நுனியிலிருந்து கடித்து, விதைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தின்றது. விதை தேடும் பறவைக்கு விதை நிறைந்த காயிலிருந்து ஆரம்பிப்பதுதான் சுலபம் என்று அப்போது பிடிபட்டது. அங்கிருந்து குடமிளகாயின் நடுத்தண்டு, கொய்யா, மாதுளை என்று நகர்ந்தோம். பரங்கிக்காயும் நடுவில் இருக்கும் விதையும் நாருமாகத்தான் முதலில் உள்ளே போனது.

பழமும் காயும் தின்ன ஆரம்பித்தால் எச்சத்தில் தண்ணீர் கூடும். பீட்ரூட் கொடுத்தால் சிவப்பாகவே வரும். பயப்பட வேண்டாம். ஆனால் காய் எதுவும் கொடுக்காத நாளிலும் எச்சம் நீர்த்துப் போனால் காட்டிவிடுங்கள்.

பல்லாவரத்திலிருந்து:

என்னிடம் ஒரு பெரிய கூண்டு நிறைய லவ் பேர்ட்ஸ். ஒவ்வொன்றாகத் தோளில் வைத்துப் பழக்க முடியாது. ஊறவைத்து முளைகட்டிய தினையில் கேரட்டைப் பொடியாகத் துருவிப் பிசறி வைப்பேன். ஈரத் தினையோடு துருவலும் அலகில் ஒட்டும், ருசி தெரிந்துவிடும். ஒரு குருவி இறங்கித் தின்றால் போதும், மற்றவை தானாக இறங்கும். நாளாக ஆகத் துருவலைக் கூட்டி, தினையைக் குறைக்கலாம்.

கோவைக்காய் வாங்கினால் ஒன்றிரண்டு உள்ளே சிவந்திருக்கும், சமையலுக்கு ஒதுக்கிவிடுவோம் இல்லையா? அதை இரண்டாகப் பிளந்து கம்பியில் செருகிப் பாருங்கள். கிளிக்கும் கோவைப்பழத்துக்கும் உள்ள உறவு நம் பாட்டிகள் காலத்துக்கும் முந்தியது.

நம் ஊர் வெயிலில் ஈரத்தீனியை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். மே மாதத்தில் அதற்கும் முன்பே எடுத்துவிடுவேன். முளைகட்டிய தானியம் பிசுபிசுத்தாலோ புளித்த வாடை வந்தாலோ கொட்டிவிட வேண்டியதுதான். கோயம்பேட்டிலிருந்து வரும் கொத்தமல்லியையும் கீரையையும் தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறவைத்து, இரண்டு மூன்று முறை அலசுங்கள். மருந்து அடித்திருப்பார்கள்.

அண்ணா நகரிலிருந்து:

கொடுக்கக் கூடாததையும் சொல்லிவிடுகிறேன். ஜூஸ் கடைகளில் பட்டர் ஃப்ரூட் என்று கிடைக்கிறதே, அந்த அவகேடோ கிளிகளுக்கு விஷம். சின்னத் துண்டு கூட வேண்டாம். ஆப்பிள் கொடுத்தால் விதையை எடுத்துவிடுங்கள். வெங்காயம், பூண்டு, சாக்லேட், காபி, டீ கூடாது. மிக்சர், முறுக்கு மாதிரி உப்புப் பண்டங்களைக் குழந்தைகள் ஆசையாக ஊட்டுவார்கள், தடுத்துவிடுங்கள். பாலக்கீரையை தினமும் வைக்காமல் எப்போதாவது கொடுங்கள். அது கால்சியம் உடம்பில் சேர்வதைக் குறைக்கும்.

பச்சைக்கிளிக்கு என்ன கொடுக்கலாம் என்று ஒருவர் கேட்டிருந்தார். 1972-ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுக் கிளிகளை வீட்டில் வளர்ப்பது குற்றம். வனத்துறையிடம் ஒப்படைத்துவிடுங்கள். தீனி மாற்றத்தையும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். கான்யூர், ஆப்பிரிக்கன் கிரே ஆகிய வெளிநாட்டுக் கிளிகளை வைத்திருப்பவர்கள் 2024-இல் வந்த விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும்.

மேற்கு மாம்பலத்திலிருந்து:

எல்லோருக்கும் நன்றி. கோவைப்பழ யோசனையை நேற்றே செய்து பார்த்தேன். பாப்பு விதைகளை வழித்துத் தின்றுவிட்டுத் தோலை மட்டும் மிச்சம் வைத்தது. கொளத்தூர் தம்பி, பரங்கிக்காயைப் பச்சையாகவா கொடுக்கிறீர்கள், லேசாக வேகவைத்தா? பச்சையாக வைத்தால் இங்கே இன்னும் கொண்டை நிமிர்கிறது.