2 பஸ் விட்டால் எவ்வளவு புகை குறையும்? கணக்கு உதைக்கிறது

கேள்வி: தவளக்குப்பம் பையன்
அண்ணன்மாரே, கடைசி வருட புராஜெக்ட். புதுச்சேரி–கடலூர் ரோட்டில் கூடுதலாக ஓடும் 2 பஸ்ஸால் எவ்வளவு கார்பன் டை ஆக்சைடு குறைகிறது என்று பார்க்கிறேன். நாளைக்கு 20 நடை, நடைக்கு 22 கிலோமீட்டர், 30 பேர். ஆக 600 பேர் டூவீலர் வண்டியை வீட்டில் விட்டுவிட்டு வருகிறார்கள். வண்டி லிட்டருக்கு 45 கொடுக்கும், ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 2.3 கிலோ, அதாவது கிலோமீட்டருக்கு 51 கிராம். நாளைக்கு 673 கிலோ மிச்சம்! சார் நம்பவே மாட்டேன் என்கிறார்.

பதில்: மஞ்சக்குப்பத்தான்
பஸ் என்ன தண்ணியிலா ஓடுது தம்பி? 440 கிலோமீட்டர், லிட்டருக்கு 4 என்றாலும் 110 லிட்டர் டீசல். லிட்டருக்கு 2.68 வீதம் 295 கிலோவை முதலில் கழி.

அப்புறம் அந்த 600. முதலியார்பேட்டையில் ஏறி அரியாங்குப்பத்தில் இறங்குகிறவரையும் கடலூர் வரை கூட்டிப்போய்விட்டாய். ஸ்டாப்பில் நின்று, "இந்த பஸ் இல்லேன்னா இன்னிக்கு எதுல போயிருப்பீங்க, எங்க இறங்குவீங்க?" என்று கேள். அது போதும்.

தவளக்குப்பம் பையன்
80 பேரிடம் கேட்டேன். 24 பேர் வண்டி, 36 பேர் வேறு பஸ், 8 பேர் ஆள் ஏற்றும் டெம்போ, 12 பேர் கிளம்பியே இருக்க மாட்டார்களாம். சராசரி 9 கிலோமீட்டர். 600-ல் 180 பேர்தான் வண்டிக்காரர்கள், மிச்சம் 83 கிலோ. பஸ் விடுவது 295. அப்படியானால் புகை கூடுகிறதா? அந்த 24-ல் ஒரு அக்கா, வீட்டுக்காரர் பின்னாடி உட்கார்ந்து போயிருப்பேன் என்றார். அவரை எதில் சேர்ப்பது?

பதில்: மஞ்சக்குப்பத்தான்
வீட்டுக்காரர் எப்படியும் அந்த வழியாகத்தான் வேலைக்குப் போகிறார் என்றால் மிச்சம் பூஜ்யம். இவரை இறக்கிவிட்டுத் திரும்புகிறார் என்றால் போக வர இரண்டையும் எழுது.

கூடுதுன்னா கூடுதுன்னே எழுது, மறைக்காதே. நடைக்கு 30 பேர் ஏறி 9 கிலோமீட்டர் போனால், பஸ்ஸில் எந்த நேரமும் சராசரியாக 12 பேர்தான். காலி பஸ் அது. இதே கணக்கில் நடைக்கு 107 பேர் ஏறினால்தான் சரிக்குச் சரி வரும். காலையில் ஏறுவார்கள், மத்தியானம் சந்தேகம்தான்.

பதில்: வில்லியனூர் வாசி
டெம்போவில் ஆளை எண்ணாதீங்க தம்பி. 8 பேர் குறைந்தாலும் டெம்போ ஓடத்தான் செய்யும். எத்தனை நடை நின்றது என்று பாருங்கள். காரை ஏன் கேட்கவில்லை? லிட்டருக்கு 15 ஓடும் கார் ஒன்று நின்றால் 3 வண்டி நின்ற மாதிரி.

தவளக்குப்பம் பையன்
காரை விட்டுட்டு வந்தேன்னு ஒருத்தர்கூட சொல்லலையே அண்ணா. சரி, நாளைக்குச் சாயந்திரம் 6 மணிக்கு முருங்கப்பாக்கத்தில் நின்று பார்க்கிறேன்.