சுங்கை சிப்புட், மலேசியா: செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டச் சடக்கில் மிதிவண்டிப் பயணம்

கேள்வி: தார்ச்சாலையும் தோட்டத்து மண்சடக்கும் கலந்த 50 கிலோமீட்டர் சமூக மிதிவண்டிப் பயணத்தில் கலந்துகொள்ள விரும்புகிறேன். என்னிடம் 28 மில்லிமீட்டர் டயர் பூட்டிய சாலை மிதிவண்டிதான் உள்ளது. அது போதுமா?

மறுமொழி 1: போதாது, தம்பி. உருளும் சரளைக்கற்களில் பிடிமானம் கிடைக்க 40 மில்லிமீட்டர் அகலமாவது வேண்டும். வெட்டிப்போட்ட செம்பனை மட்டைகளின் அடிப்பகுதியில் இரு ஓரமும் வரிசையாக நிற்கும் முட்கள் டயரைத் துளைத்துவிடும் என்பதால், டியூப் இல்லாத டயரில் அடைப்புத் திரவம் ஊற்றி ஓட்டுவதையே பரிந்துரைப்பேன். சிறு துளைகளை அது ஓடும்போதே அடைத்துவிடும். ஆயினும் மாற்று டியூப் ஒன்று பையில் இருக்கட்டும்.

மறுமொழி 2: அண்ணன் சொன்னது சரி. தோட்டம் தனியார் நிலம் என்பதால், நிர்வாகத்திடம் ஏற்பாட்டாளர்கள் அனுமதி பெற்றிருக்கிறார்களா என்று பதியும் முன்பே கேளுங்கள். இதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். வளைவில் செம்பனைப் பழக்குலை ஏற்றிய லாரி வந்தால் ஓரமாக இறங்கி நில்லுங்கள். மழை பெய்த செம்மண் வழுக்கும். பிரேக்கை மெதுவாகப் பிடியுங்கள்.

கேட்டவர்: நன்றி, அண்ணா. என் வண்டியில் 32 மில்லிமீட்டருக்கு மேல் நுழையாது. மலை மிதிவண்டியை இரவல் வாங்கி வரலாமா?

மறுமொழி 1: தாராளமாக வரலாம். தார்ச்சாலையில் வேகம் சற்றுக் குறையும், அவ்வளவுதான்.